அம்பாசடரா, மாருதி 800-ஆ?

2014 ஜனவரியில் மாருதி 800 தயாரிப்பு நின்றது. அதே வருஷம் மே மாசம் உத்தரபாராவில் அம்பாசடரும் நின்றது. ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தாலும் ரெண்டுக்கும் வயசு வித்தியாசம் கால் நூற்றாண்டு. எது நல்ல கார் என்று எங்க க்ளாஸில் கேட்டால் யோசிக்காமல் மாருதி என்பார்கள். நான் அம்பாசடர் வீட்டுப் பையன், கொஞ்சம் பொறுங்க மக்களே :)

அம்பாசடர் 1950-களின் கடைசியில் வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் அது. அப்பப்போ மூஞ்சியை மட்டும் மாற்றி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள். காரணம் லைசென்ஸ் ராஜ். எத்தனை கார் செய்யலாம் என்று அரசாங்கம் சொல்லும். பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க ஆள் இருக்கும்போது எந்தக் கம்பெனி புது டிசைனுக்குச் செலவு பண்ணும்?

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். சுசுகியின் 796 சிசி எஞ்சின், மூன்று சிலிண்டர், விலை சுமார் 50,000 ரூபாய். ஆபீஸ் குமாஸ்தாவும் கார் கனவு காண ஆரம்பித்தது அப்போதுதான். இதில் வேடிக்கை, அம்பாசடரின் ராஜ்ஜியத்தைக் கவிழ்த்த மாருதியும் அன்றைக்கு அரசாங்கக் கம்பெனிதான்! சுசுகிக்கு இருந்தது 26 சதவீதம் மட்டும். "அரசாங்கம் தொட்டால் விளங்காது" என்று பேசுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். பெரியப்பா பொள்ளாச்சியில் டீசல் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினார். கியர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும், முன் சீட் ஒரே பெஞ்சு. கல்யாண முகூர்த்த நாளில் ஒன்பது பேர் ஏறுவார்கள். மாருதியில் ஒன்பது பேரா? நினைத்துப் பாருங்கள்.

அவருடைய கணக்கு நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் ரிப்பேர் செலவு. ஆனால் எல்லாமே சின்னச் சின்னத் தொகை, எல்லாமே ரோட்டோர மெக்கானிக் கைக்குப் போனது. டீசல் செலவுதான் வயிற்றைக் கலக்குகிறது. வெறும் காராக எடை போட்டால் மாருதியே மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நோட்டில் ஜூன் மாசப் பக்கங்களில் என் ஸ்கூல் ஃபீஸும் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் வண்டியை விற்ற தொகை மட்டும்தான். லாபமா நஷ்டமா என்று அவர் எழுதவில்லை. தேய்மானம் போட்டு நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் டேலி ஆகவில்லை.