குறுவட்டாக நின்ற மோடம்

ஜார்க்கண்டின் கும்லாவில் குருக் மொழிக் களப்பணியின் கடைசி இரவு. மூதாட்டி ஒருவர் சொன்ன கதையின் ஒரே பதிவு என் மடிக்கணினியில் இருந்தது. நினைவக அட்டை காலையிலேயே பழுதாகியிருந்தது. பிரதியை நெறியாளருக்கு அனுப்பியாக வேண்டும். உபுண்டுவோ டாங்கிளை மோடமாக ஏற்காமல் குறுவட்டாகவே காட்டியது. விண்டோஸுக்கான நிறுவியைச் சுமந்துவரும் இவ்வகைக் கருவிகள் முதலில் சேமிப்பகமாகவே தோன்றும். உரிய கட்டளை கிடைத்த பின்னரே மோடமாக மாறும். அதைத் தானே செய்யவேண்டிய யுஎஸ்பி-மோட்ஸ்விட்சின் பட்டியலில் என் கருவியின் எண் இல்லை. ஒரே வடிவம், இரு பொருள்: மொழியியல் படித்தவனுக்கு இது விளங்க இரண்டு மணி நேரமானது வெட்கந்தான். என் பொத்தான் கைபேசியில் விடுதித் தோழன் ஒரே சொல் சொன்னான்: 'எஜெக்ட்'. குறுவட்டு மறைந்தது, டிடிஒய்யுஎஸ்பி0 தோன்றியது. ஏபிஎன்னில் எழுத்துப்பிழை, திருத்தினேன். பதிவு மெல்ல ஏறத் தொடங்கியது. முடிகையில் விடிந்திருந்தது, பாட்டி முற்றம் மெழுகிக்கொண்டிருந்தார்.