ஆய்வேட்டுக்குத் தலைப்பு நம் மாவட்டத்திலேயே இருக்கிறது

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எல்லா நாளிதழ்களிலும் ஒரே படம்தான். மெயினருவியில் தண்ணீர் கொட்டும், கீழே கூட்டம் குளிக்கும். தென்காசி என்றாலே வெளியூர் வாசகருக்கு அருவியும் சாரலும்தான். அந்தக் கூட்டம் போட்டுவிட்டுப் போகிற குப்பையை அள்ளும் கைகள் படத்தில் இருப்பதில்லை. ஊடகவியல் முதுகலை படிக்கும் தம்பி தங்கைகள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டு வரும்போது, முதலில் இந்தப் படத்தைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

பெரும்பாலானோர் "சாதியும் ஊடகமும்னு எடுக்கலாம்னு இருக்கேன், அக்கா" என்கிறார்கள். அது ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை. ஒரு பருவத்துக்குள், கையில் காசில்லாமல் முடிக்க ஒரு சின்னக் கேள்வி போதும். அதற்கு நம் மாவட்டத்திலேயே இரண்டு நிகழ்வுகள் உண்டு.

முதலாவது மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று செங்கோட்டைக்கு அருகிலுள்ள அந்த ஊரில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. தீண்டாமையும் காவல்துறையின் கெடுபிடியும் தாங்க முடியவில்லை என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். தேசியத் தலைவர்கள் வந்தார்கள், நாடெங்கும் பத்திரிகைகள் எழுதின. வளைகுடாப் பணம் வந்ததா என்ற கேள்வி அப்போது பெரிதாக ஓடியது. இத்தனை பேர் ஏன் வெளியேறினார்கள் என்ற கேள்விக்கு எவ்வளவு இடம் கிடைத்தது? அளந்து பார்க்கலாம். அதுவே ஓர் ஆய்வேடு.

இரண்டாவது சங்கரன்கோவில் பக்கமுள்ள பாஞ்சாகுளம். 2022 செப்டம்பரில் தின்பண்டம் வாங்க வந்த பள்ளிக் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு இருப்பதால் தர முடியாது என்று கடைக்காரர் சொல்லும் காணொளி பரவியது. கடைக்குச் சீல் வைக்கப்பட்டது, கைது நடந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. இதில் ஊடக மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காணொளியை எடுத்துப் பரப்பியது குழந்தைகளின் தரப்பு அல்ல, மறுத்தவர்களின் தரப்பு. பெருமையாகப் பகிர்ந்தது சாட்சியமாக மாறிவிட்டது. அது எப்படி மாறியது? தொலைக்காட்சி எடுத்த பிறகா, அதிகாரிகள் நகர்ந்த பிறகா? ஐந்து நாள் செய்திகளை வரிசைப்படுத்தினாலே விடை தெரியத் தொடங்கும்.

இனி வேலைத் திட்டம். இரண்டு நாளிதழ், முப்பது நாள். அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். தலைப்பில் யார் இருக்கிறார்? மேற்கோளில் யார் பேசுகிறார்: அதிகாரியா, தலைவரா, பாதிக்கப்பட்டவரா? நடந்ததற்கு என்ன பெயர்: தீண்டாமையா, ஊர்க் கட்டுப்பாடா, இரு தரப்பு மோதலா? செய்தவர் வாக்கியத்தில் இருக்கிறாரா, அல்லது "மறுக்கப்பட்டது" என்று வினையோடு மறைந்துவிடுகிறாரா? முதல் இருபது செய்திகளை நண்பர் ஒருவரும் தனியாக நிரப்பட்டும். இரண்டு பேரின் விடையும் பெரிதாக வேறுபட்டால் கட்டங்களைத் திருத்துங்கள்.

ஆவணம் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். 1981 செய்திகளைத் திருநெல்வேலி என்று தேடினால்தான் கிடைக்கும்.

குழந்தைகளைத் தேடிப்போய்ப் பேட்டி எடுக்காதீர்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. நாடே பார்த்த முகம் என்பதால் நாமும் அச்சிடலாம் என்று ஆகிவிடாது. ஆய்வேட்டில் அந்தக் காணொளியின் படமே வேண்டாம், விவரித்தால் போதும்.

அடுத்து, எல்லோரும் சந்திக்கும் தடை. "இது ஆய்வு இல்லம்மா, இயக்க வேலை. உன் ஆட்களைப் பத்தி நீயே எழுதினா நடுநிலை இருக்காது" என்று ஒரு மாணவியிடம் அவருடைய வழிகாட்டி சொல்லியிருக்கிறார். நில உடைமைக் குடும்பத்துப் பிள்ளை விவசாயச் செய்திகளை ஆராய்ந்தால் இந்தக் கேள்வி வருமா? 1916இல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் பற்றி அம்பேத்கர் கட்டுரை வாசித்தார். சாதியை உடம்பில் அனுபவித்தவர்தான் அதை அறிவியலாக ஆராய்ந்தார். அந்த மாணவியிடம் நான் சொன்னது இதுதான்: நீ யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்பதை முதல் இயலிலேயே எழுதிவிடு. பிறகு உன் கட்டங்களைக் காட்டு. யார் வேண்டுமானாலும் திரும்ப எண்ணிப் பார்க்கட்டும்.

நடுநிலை கேட்பவர்களிடம் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர் இருந்தார்கள். தலித்தும் பழங்குடியினரும் ஒருவர்கூட இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே 'பறையன்' இதழையும், அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழ'னையும் சொந்தமாகத் தொடங்கியதற்கான காரணம் இன்னும் தீர்ந்துவிடவில்லை.

ஆய்வேடு முடிந்ததும் ஒரு படியைத் துறை நூலகத்துக்குக் கொடுங்கள். இன்னொன்றை எளிய தமிழில் பத்துப் பக்கமாகச் சுருக்கி அந்த ஊர்க்காரர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். தங்களைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவர்கள் "இது தப்பு" என்று சொல்லும் இடத்தில் உங்கள் அடுத்த ஆய்வு தொடங்கும்.