பாதிப் பயணம் கரையில்தான்



படகுப் பயணம் என்றாலே நமக்குக் காற்று, அலை, நடுக்கடல் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். கரையில் நடக்கும் வேலை யாருக்கும் ஞாபகம் வராது. நான் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம் கடற்படையின் 'தாரிணி' என்ற பாய்மரப் படகைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் தில்னா, ரூபா என்ற இரண்டு பெண் அதிகாரிகள் மட்டும் உலகத்தைச் சுற்றி வந்தார்கள். ரூபா நம் பக்கத்துப் புதுச்சேரிக்காரர். 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பி 2025 மே 29-ல் திரும்பினார்கள். வழியில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவு, தென்னாப்பிரிக்கா என்று நான்கு துறைமுகங்களில் நின்றார்கள். ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் இல்லை. படகைச் சரிபார்க்கவும் சாமான் ஏற்றவும்தான் நின்றார்கள். இதே தாரிணியில் 2017-ல் ஆறு பெண்கள் போனார்கள். திரும்பும்போது ஸ்டீரிங் பழுதாகிவிட்டது. மொரீஷியஸில் நிறுத்தி, சரி செய்த பிறகுதான் 2018 மே மாதம் கோவா வந்து சேர்ந்தார்கள். மொத்தம் 254 நாள்!

இதைப் படித்தபோது எனக்கு எங்க சித்தப்பா படகு ஞாபகம் வந்தது. சித்தப்பா பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் இருக்கிறார். அடையாறு கடலில் சேரும் இடம். கோடை லீவுக்கு நான் அங்கேதான் போவேன்.

எங்க தாத்தா காலத்தில் கட்டுமரம். மரங்களைக் கயிறு போட்டுக் கட்டுவார்கள், கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காய வைப்பார்கள். (இங்கிலீஷில் 'கேட்டமரான்' என்கிற வார்த்தையே நம்ம கட்டுமரம்தான்!) 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு நிறைய வந்துவிட்டது. கயிறு மட்டும் இருந்தால் இதை ரிப்பேர் பண்ண முடியாது. மணலில் இழுத்து இழுத்து அடிப்பக்கம் தேயும், விரிசல் விடும். போன லீவில் சித்தப்பா படகுக்கு அப்படித்தான் ஆனது. படகு மணலில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் வீட்டில் காசு இல்லாத நாள். ஆள் வைத்தால் கூலி கொடுக்கணும். அதனால் கடைக்கு ஓடும் வேலை எனக்கு வந்தது.

ரெசின், ஃபைபர் மேட், பிரஷ், உப்புத்தாள், என்ஜினுக்கு நாலு போல்ட். மயிலாப்பூர் கடைக்குப் பழைய போல்ட்டையே கையில் கொண்டு போனேன். "இதே அளவு, துருப்பிடிக்காத ஸ்டீல்ல குடுங்கண்ணா" என்றேன். வாயால் அளவு சொன்னால் மாறிவிடும். சாதா இரும்பை உப்புத்தண்ணி சீக்கிரம் தின்றுவிடும்.

ரெசினோடு இரண்டு சின்ன பாட்டில் வாங்கணும். ஒன்று கோபால்ட், இன்னொன்று ஹார்டனர். "பாப்பா, ரெண்டையும் ஒரே பையில போட்டுடாத" என்று சித்தப்பா மூன்று தடவை சொன்னார். இரண்டும் நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டை நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் ஹார்டனர் ஊற்ற வேண்டும். வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்குவோம். விரிசலைத் தேய்த்து, ஈரம் போகக் காயவைத்து, மேட்டை வைத்து ரெசின் பூசணும். உள்ளே காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடம் பிடிக்காது. பிரஷால் குத்திக் குத்தி எடுக்கணும். அந்த வேலையைச் சித்தப்பா என்னிடம் கொடுத்தார்.

அப்போது பக்கத்துப் படகுத் தாத்தா, "பொம்பளப் புள்ளைங்க படகு மேல ஏறக் கூடாதும்மா" என்றார்.

"நான் மேல ஏறல தாத்தா, அடியிலதான் பூசறேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தாத்தாவும் சிரித்தார்.

மூன்றாம் நாள் விடிவதற்கு முன் படகு கடலுக்குப் போனது. சித்தப்பாவோடு மூன்று பேர். சித்தி கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மீன்பாடு சுமார்தான். ஆனால் படகுக்குள் ஒரு சொட்டுத் தண்ணி வரவில்லை. நாலு பேர் உயிருக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது நான் ஒட்டிய மேட். அது கடலுக்குப் போகலாமாம், நான் போகக் கூடாதாம்!

நண்பர்களே, தாரிணியில் நடுக்கடலில் ஒன்று உடைந்தால் ஓடிப் போய் வாங்கக் கடை இல்லை. அந்த அக்காக்களே மெக்கானிக், அவர்களே தையல்காரர், அவர்களே சமையல்காரர். கடலுக்குப் போகும் தைரியம் எனக்கு இருக்கிறதா என்று தெரியாது. ஆனால் படகை ரிப்பேர் பண்ணும் கை இருக்கிறது. பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் சேரணும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி