ஹவுஸ் வேறு, டெக்னோ வேறு

பேரன் கேட்கிற பாட்டைக் கேட்டு ஒருநாள் "என்னடா இரைச்சல்" என்று சொல்லிவிட்டேன். பையன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய், "சொல்லிக் கொடுடா" என்று உட்கார்ந்தேன்.

சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப் பெயரிலிருந்து வந்ததாம் ஹவுஸ். நிமிடத்துக்குச் சுமார் 120 அடி. டெட்ராய்ட்டில் பிறந்தது டெக்னோ. 170 பக்கம் ஓடினால் டிரம் அண்ட் பேஸ். ஒவ்வொன்றுக்குள்ளும் உட்பிரிவுகள் வேறு! எங்கள் ஆபீஸ் ஃபைல்களே தேவலை.

நான் பிரெஞ்சில் படித்தவன் அல்லவா, என் பங்குக்கு ஒன்று சொன்னேன்: 1948லேயே பாரிசில் பியேர் ஷெஃபேர் ரயில் சத்தத்தைப் பதிவுசெய்து இசையாக்கினார். "ரயில் சத்தமா தாத்தா!" என்று இயர்போனில் ஒன்றைக் கழற்றி நீட்டினான்.

"இது டெக்னோதானே?"

"ஹவுஸ் தாத்தா."