பனி தங்காத பள்ளத்தாக்கு

டெய்லர் பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டரை விட்டு இறங்கியதும் நான் மிதித்தது மணல். ராஸ் கடலில் நின்ற கப்பலிலிருந்து அங்கே வரும்வரை கீழே எல்லாம் வெள்ளை. இங்கோ பழுப்பு மண், கூழாங்கல், இருபுறமும் மொட்டை மலைகள். இதுவும் அண்டார்டிகாதான்.

காரணம் மலையும் காற்றும். கிழக்கு அண்டார்டிகாவின் பெரும் பனிப்படலம் கடலை நோக்கி நகர்கிறது. டிரான்ஸ் அண்டார்டிக் மலைத்தொடர் அதைக் குறுக்கே மறித்து நிற்கிறது. பீடபூமியிலிருந்து சரியும் கனத்த குளிர்காற்று, இறங்க இறங்க அழுத்தத்தால் சூடேறி வறண்டுபோகிறது. பெய்கிற கொஞ்சப் பனியிலும் பெரும்பகுதி உருகாமலே ஆவியாகிவிடுகிறது.

கால்மாட்டில் ஒரு கல் கிடந்தது. காற்றோடு வந்த மணல் அரைத்து அரைத்து ஒரு முகம் பளபளவென்று இருந்தது, மறுமுகம் சொரசொரப்பு. குனிந்துதான் பார்த்தேன், தொடவில்லை. இம்மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உருளைப்புழுக்கள் வாழ்கின்றன. உறைந்து, உலர்ந்து, ஈரம் கிடைத்ததும் மறுபடி அசையத் தொடங்கும் உயிர்கள் அவை.

எதிரே கனடா பனியாற்றின் முகப்பு, ஏறத்தாழ 20 மீட்டர் செங்குத்துச் சுவர். கோடையின் சில வாரங்கள் மட்டும் அது கசிந்து ஓடைகளாகிறது. கிழக்கே ஃப்ரிக்செல் ஏரிக்கும் மேற்கே ஹோர் ஏரிக்கும் அந்த நீர் போகிறது. அவற்றிலிருந்து கடலுக்கு வழியில்லை. ஆண்டு முழுதும் விலகாத, பல மீட்டர் தடித்த பனி மூடியின் அடியில் நீர் நீராகவே இருக்கிறது. அங்கே பாசிகளும் நுண்ணுயிர்களும் படர்ந்திருக்கின்றன.

1903-இல் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட் இங்கே வந்தபோது ஒரு சீலின் எலும்புக்கூட்டைக் கண்டார். கடலை விட்டு வழிதவறி வந்த சீல்களின் காய்ந்த உடல்கள் இன்றும் பள்ளத்தாக்குகளில் கிடக்கின்றன; சில நூற்றாண்டுக் கணக்கில் பழையவை. மேற்குக் கோடியில், 1911-இல் நிலவியலாளர் கிரிஃபித் டெய்லர் கண்ட குருதி அருவி இருக்கிறது. அங்குள்ள வேறொரு பனியாற்றின் அடியிலிருந்து வரும் உப்புநீரின் இரும்பு, காற்றுப் பட்டதும் துருவேறிச் சிவக்கிறது. பார்வையாளர் பகுதி கீழ்ப்பள்ளத்தாக்கோடு முடிவதால் அதை நான் பார்க்கவில்லை.

செவ்வாய்க் கோளைப் போன்றது என்று சொல்லிச் சொல்லியே இந்த நிலத்தை வேறோர் உலகின் ஒத்திகை மேடையாக்கிவிட்டார்கள் என்பது என் வருத்தம். இது பூமி, இதன் உயிர்களும் நம்முடையவை. 2004 முதல், டெய்லர் பள்ளத்தாக்கை உள்ளடக்கிய மக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகள் சிறப்பு மேலாண்மைப் பகுதியாக இருக்கின்றன. கூடாரமிட்டுத் தங்கும் ஆய்வாளர்கள் மனிதக் கழிவைக்கூட மூட்டைகட்டி வெளியே அனுப்புகிறார்கள்.

போக வாய்க்கிறவர்கள் தயவுசெய்து குறித்த தடத்தை விட்டு விலகாதீர்கள். மழை கழுவாத அந்த மண்ணில் ஒரு காலடித் தடம் பல பத்தாண்டுகள் நிற்கும்.