திரேஸ்புரம் கரையும் வாகைக்குளம் ஓடுதளமும்

விடியற்காலை நாலரை மணிக்கே திரேஸ்புரம் விழித்துவிடுகிறது. தூத்துக்குடி நகரின் வடகோடியில் இருக்கும் மீனவர் குடியிருப்பு இது. நகரத்து மழைநீரையும் கழிவுநீரையும் சுமந்து வரும் பக்கிள் ஓடை இங்கேதான் கடலைத் தொடுகிறது. கரை நெடுக வல்லங்களும் ஃபைபர் படகுகளும் வரிசை கட்டி நிற்கின்றன. இரவு வலை போட்டுவிட்டு வந்த படகில் இருந்து விளமீனும் பாறையும் கூடையில் இறங்குகின்றன. கூடை மணலைத் தொட்ட சில நிமிடங்களில் ஏலம் முடிந்துவிடுகிறது. வாங்கிய பெண்கள் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கிறார்கள். பெரிய மீன் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போகிறது.

தெற்கே பார்த்தால் துறைமுகமும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் இருக்கும் திசை. மேற்கே, திருநெல்வேலி நெடுஞ்சாலையில் வாகைக்குளம் விமான நிலையம். விளைபொருள் ஊரைவிட்டு வெளியே போக இந்த மாவட்டத்தில் இருக்கும் வாசல்கள் இவை: மீன் இறங்கும் கரை, கப்பல் நிற்கும் துறைமுகம், விமானம் இறங்கும் ஓடுதளம். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் மூன்றுக்கும் வரவு செலவு பார்க்கும் முறை ஒன்றுதான். அந்தக் கணக்கு உழவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால், வாகைக்குளம் விமான நிலையத்தை விரிவாக்க ஏறக்குறைய 600 ஏக்கர் நிலம் தரப்பட்டிருக்கிறது. நிலம் போனது உண்மை. அதற்கு ஈடாக இந்த வட்டாரத்து விளைபொருளுக்கு வழி பிறக்குமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

கரையில் நடக்கும் கணக்கு

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பார்கள். திரேஸ்புரத்துப் படகுக்காரர்கள் தினமும் கணக்குப் பார்க்கிறார்கள். ஏலத்தில் வந்த பணத்தில் முதலில் டீசல், பனிக்கட்டி, சாப்பாட்டுச் செலவு கழியும். மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு. மற்றது கடலுக்குப் போன ஆட்களுக்கு. மீன் குறைந்தால் எல்லோருக்கும் குறையும். கூடினால் எல்லோருக்கும் கூடும்.

இந்தக் கணக்கில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. எவ்வளவு சரக்கு வந்தது? எவ்வளவு நேரத்தில் கைமாறியது? நூறு ரூபாய் வரவில் செலவு எத்தனை ரூபாய்? படகு எத்தனை நாள் சும்மா கிடந்தது? துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் மதிப்பிடும் நிபுணர்கள் கேட்பதும் இதே நான்கு கேள்விகள்தான். பெயர்தான் வேறு: சரக்குக் கையாளல், கப்பல் திரும்பும் நேரம், செயல்பாட்டு விகிதம், திறன் பயன்பாடு.

துறைமுகத்தின் கணக்கு

தூத்துக்குடி 1868-இல் சிறு துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அன்று கப்பல் கரைக்கு வராது. ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். தோணிதான் சரக்கைக் கொண்டுபோய் ஏற்றும். பருத்தியும் அவுரி இலையும் இப்படித்தான் கடல் தாண்டின. மானாவாரிக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளையும் இந்த அவுரி, உலக மருந்துச் சந்தையில் இன்றும் 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரில்தான் விற்கப்படுகிறது. வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கி கொழும்புக்குக் கப்பல் விட்டதும் இதே கரையில்தான். சரக்கு நம்முடையதாக இருந்தாலும், ஏற்றிச் செல்லும் வழி அடுத்தவர் கையில் இருந்தால் லாபம் அவருக்கே என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

1974 ஜூலையில் புதிய துறைமுகம் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979-இல் பழைய துறைமுகமும் அதனுடன் இணைந்தது. 2011 முதல் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர். இன்று ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கும், 20 அடி அளவில் கணக்கிட்டால் 7 லட்சத்துக்கு மேல் கன்டெய்னர்களும் கையாளப்படுகின்றன. இறக்குமதியில் நிலக்கரிக்குப் பெரும் பங்கு. நம் வயலுக்கு வரும் உரத்துக்கான பாறை பாஸ்பேட்டும் இந்த வழியாகத்தான் இறங்குகிறது. இங்கே கப்பல் ஒரு நாள் காத்துக் கிடந்தால், அந்த வாடகையும் சரக்கின் விலையில்தான் ஏறும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிருந்து புறப்படும் கன்டெய்னர்களில் பெரும்பகுதி, சிறு கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறித்தான் தூர நாடுகளுக்குப் போகிறது. மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் நாளும் செலவும் கூடும். அவுரி இலைக்கும் மிளகாய் வற்றலுக்கும் அது தாங்கும். பச்சைக் காய்க்கும் பூவுக்கும் தாங்காது.

பழைய துறைமுகத்தில் இன்றும் தோணிகள் உண்டு. மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருட்கள் போகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் தோணி ஓடாது. வெங்காய விவசாயிக்கு இது முக்கியமான தகவல். சந்தை இருந்தும் வாசல் மூடியிருக்கும் மாதங்கள் அவை.

வாகைக்குளத்தின் கணக்கு

வாகைக்குளம் விமான நிலையம் 1992-இல் திறக்கப்பட்டது. ஓடுதளம் 1,350 மீட்டர்தான். சின்ன விமானம் மட்டுமே இறங்க முடியும். இடையில் பல ஆண்டுகள் பயணிகள் விமானமே வரவில்லை. 2006-இல்தான் மீண்டும் சேவை தொடங்கியது. பிறகு ஓடுதளம் 3,115 மீட்டராக நீட்டப்பட்டது. சுமார் 450 கோடி ரூபாயில் 17,340 சதுர மீட்டர் பரப்பில் கட்டப்பட்ட புதிய முனையம் 2025 ஜூலை 26-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைக் கையாளும் திறன் கொண்டது.

திறன் என்பது வேறு, வரவு என்பது வேறு. பத்து மூட்டை கொள்ளும் குதிருக்குள் இரண்டு மூட்டை கிடந்தாலும் குதிருக்குச் செய்த செலவு செலவுதான். விமானம் வந்தாலும் வராவிட்டாலும் விளக்கு எரியும், தீயணைப்பு வண்டி தயாராக நிற்கும், சம்பளம் போகும். அதனால்தான் சிறிய விமான நிலையங்கள் பலவும் நஷ்டக் கணக்கு எழுதுகின்றன. போக்குவரத்து ஓர் அளவைத் தாண்டிய பிறகே ஒவ்வொரு கூடுதல் விமானமும் லாபமாக மாறும்.

அந்த அளவைத் தாண்டிய பக்கத்து உதாரணம் கொச்சி. வெளிநாட்டு வாழ் மலையாளிகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் பங்கு போட்டு, 1994-இல் நிறுவனம் தொடங்கி, 1999-இல் விமான நிலையம் திறந்தார்கள். 2022-23-இல் அதன் வருமானம் சுமார் 770 கோடி ரூபாய், நிகர லாபம் 267 கோடி. அடுத்த ஆண்டு, 2023-24-இல், பயணிகள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். வருமானம் சுமார் 1,014 கோடி, லாபம் 412 கோடி. வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியபோது லாபம் ஒன்றரை மடங்கானது. நிலைச்செலவு அதிகம் உள்ள தொழிலின் குணம் இது. அதே குணம் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். கொரோனா முடக்கத்தில் விமானங்கள் நின்றபோது, 2020-21-இல் அதே நிலையம் நஷ்டம் கண்டது.

விமானம் இறங்கும் கட்டணம், பயணிகள் கட்டணம் ஆகியவற்றோடு கடை வாடகை, சுங்கவரி இல்லாக் கடை, வாகன நிறுத்தம், சரக்கு முனையம் என்று பல வரவுகளைக் கொச்சி சேர்த்துக்கொண்டது. 2015 ஆகஸ்டில் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமானது. அந்த சூரியத் தகடுகளுக்கு அடியிலும் இடையிலும் காய்கறி பயிரிடுகிறார்கள்! ஊடுபயிர் லாபம் நமக்குத் தெரியாததா?

கணக்கில் ஏறாத சிப்பி

இவ்வளவு கணக்கையும் சரியாக எழுதினாலும் ஒன்று விட்டுப்போகக் கூடும். அதைத் திரேஸ்புரம் கடலே சொல்லிக் கொடுக்கிறது.

இந்தக் கடலடியில் 'பார்' என்று சொல்லப்படும் பாறைத் திட்டுகளில் முத்துச்சிப்பி விளைந்தது. கொற்கைப் பாண்டியர் காலம் தொட்டு, போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலருக்கும் அது வருமானம். ஆங்கிலேயர் காலத்தில் முறை கறாரானது. அதிகாரிகள் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளைத் திறந்து முத்தின் மதிப்பைக் கணக்கிடுவார்கள். தேறும் என்றால்தான் முத்துக்குளிப்பு அறிவிக்கப்படும். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும்.

எல்லாம் எழுதப்பட்டது. ஆனாலும் 1862-இல் முடிந்த முத்துக்குளிப்பு அடுத்து நடந்தது 1889-இல். 1928-க்குப் பிறகு 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த குளிப்பில் 2 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. வரவுக் கணக்கில் அவை நல்ல ஆண்டுகள். 1961-க்குப் பிறகு அந்தப் பார்களில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் பக்கத்து வேப்பலோடையில் வளர்ப்பு முத்து உருவாக்கிச் சாதித்தார்கள். பார்களில் பழைய விளைச்சல் மட்டும் திரும்பவில்லை.

சங்கில் கதை கொஞ்சம் வேறு. திரேஸ்புரத்தில் சங்குகுளிக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. இங்கே எடுத்த சங்கு மேற்கு வங்கம் போய் மணமான பெண்களின் வளையலாகிறது. 57 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த சங்கைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்பது பழைய விதி. அளந்து பார்க்க வளையமும் உண்டு. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். இங்கே கடலிலிருந்து எடுப்பதையும் அளந்து எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த விதி காக்கப்படும் அளவுக்குத்தான் அடுத்த தலைமுறைக்குச் சங்கு.

விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் இது பொருந்தும். பயணிகள் எண்ணிக்கையும் டன் கணக்கும் உயர்வது வரவு. போன மானாவாரி நிலம், மாறிய ஓடை, குறைந்த மீன் எல்லாம் எந்த ஆண்டறிக்கையின் செலவுப் பக்கத்திலும் ஏறாத இனங்கள். அவற்றை எழுதிவைத்துக் கேட்க வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான்.

உழவருக்கு என்ன வழி?

'விமான நிலையம் பெரிதாகிவிட்டதே, என் விளைபொருளை அனுப்பலாமா?' என்பது இந்த வட்டாரத்தில் பரவலாகக் கேட்கப்படும் கேள்வி. ஓடுதளம் நீண்டால் மட்டும் போதாது. குளிர்பதனக் கிடங்கு, சுங்கப் பரிசோதனை, பயிர்த் தடுப்புக்காப்பு ஆய்வு, வெளிநாட்டு நேரடி விமானம் ஆகியவை சேர்ந்தால்தான் சரக்கு பறக்கும். அதுவரை தென் மாவட்டக் காய்கறியும் பூவும் திருவனந்தபுரம், கொச்சி, திருச்சி வழியாகத்தான் வளைகுடா நாடுகளுக்குப் போக வேண்டியிருக்கும்.

எதை எந்த வாசலில் அனுப்புவது என்பதில் தெளிவு வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை, மல்லிகை, கறிவேப்பிலை, முருங்கை போன்றவை எடை குறைவு, வாடும் வேகம் அதிகம், இவற்றுக்கு விமானம். அவுரி இலை, மிளகாய் வற்றல் போன்ற உலர்ந்த சரக்குக்குக் கப்பல்.

தனி ஒருவராக இதில் இறங்குவது கஷ்டம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால், ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் பெறலாம். காய்கறி, பழம், வெற்றிலைக்கு அபெடா, மிளகாய்க்கு நறுமணப் பொருள் வாரியம் ஆகியவற்றில் பதிவு செய்யலாம். பயிர் நலச் சான்றுக்குத் தூத்துக்குடியிலேயே மத்திய அரசின் பயிர்த் தடுப்புக்காப்பு நிலையம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், எந்த மருந்து எந்தத் தேதியில் அடித்தோம் என்ற குறிப்பேடு அவசியம். மருந்து எச்சம் அளவைத் தாண்டினால் சரக்கு வெளிநாட்டு வாசலில் நின்றுவிடும்.

காலை ஒன்பது மணிக்குத் திரேஸ்புரம் கரையில் ஏலச் சத்தம் அடங்கிவிடுகிறது. படகை அலசிவிட்டு வலை சரிபார்க்கிறார்கள். அறுந்த கண்ணைத் தைக்கும் நேரமும் அந்தக் கரையின் கணக்கில் சேர்த்திதான். யாரும் அதற்குக் கூலி எழுதுவதில்லை. தைக்காமல் விட்டால் மறுநாள் மீன் நிற்காது என்பது மட்டும் அங்கே எல்லோருக்கும் தெரியும்.