முத்தையாபுரத்தில் ஒரு மாலை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் தெற்கு நோக்கிச் செல்வோர் கண்களில் முதலில் படுபவை உப்பளங்களே. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள். வரப்புகளில் வெள்ளை வெளேரெனக் குவிந்த உப்பு அம்பாரங்கள். அப்பகுதியில் அமைந்த ஊர் முத்தையாபுரம். அருகில் ஸ்பிக் உரத் தொழிற்சாலை. முன்னாளில் முத்துக்குளிப்பினால் பெயர்பெற்ற இக்கரையில் இன்று பலருக்குச் சோறிடுவது உப்பே. வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பதற்காகப் பின்னிரவிலேயே உப்பளத்துக்குப் புறப்படும் பெண்கள் இங்கே பலர்.

அத்தகைய தாய் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் ஒரு மாலை சென்றிருந்தோம். திண்ணையில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சிப்பிகளைச் சிறியதும் பெரியதுமாய் வரிசைப்படுத்திக் கொண்டிருந்தான். பெயர் சொல்லி அழைத்தோம், நிமிரவில்லை. காற்றில் ஒரு சிப்பி உருண்டபோது மட்டும் கலங்கி எழுந்தான். அதை உரிய இடத்தில் வைத்த பின்னரே அமைதியுற்றான்.

"ரெண்டு வருஷமா நான் கோயிலுக்கு வரலை சாமி. திருவிழா வெடிச் சத்தத்துல இவன் காதைப் பொத்திக்கிட்டு அலறினான். புள்ளைய வளர்க்கத் தெரியலைன்னு என் காதுபடவே பேசினாங்க" என்றார் அத்தாய்.

சிறுவனுக்கு இருப்பது ஆட்டிசம் என மருத்துவர் கண்டறிந்துள்ளனர். மதியிறுக்கம் என்றும் தமிழில் எழுதுவர். 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைக் குறித்து எழுதிய கட்டுரை இதனை மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது. பின்னர்ப் பல்லாண்டுகள், தாயின் அன்புக் குறைவே காரணம் எனக் கற்றவர்களும் நம்பினர். ஆட்டிசம் கொண்ட மகனின் தந்தையாகிய பெர்னார்டு ரிம்லண்டு என்னும் உளவியலாளர் 1964-இல் நூலெழுதி அக்கருத்தை மறுத்தார். இது மூளை வளர்ச்சியில் தோன்றும் வேறுபாடு. மரபணுக்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. வளர்ப்பு முறையாலோ தடுப்பூசியாலோ கண்ணேறாலோ வருவதன்று. பெற்றோர் செய்த பாவத்தின் தண்டனையுமன்று. பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்டு சீடர் கேட்ட இதே கேள்விக்கு ஆண்டவர் அன்றே மறுமொழி கூறிவிட்டார்.

நமக்கு மகிழ்ச்சி தரும் வெடியும் ஒலிபெருக்கியும் இக்குழந்தைகள் பலருக்குத் தாங்கொணா வேதனை. அந்த அலறல் அடங்காமையன்று, வலியின் குரல்.

பெற்றோரே, ஓராண்டு நிறைந்த குழந்தை பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிடில், ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டாவிடில், 'போகப் போகச் சரியாகும்' எனக் காத்திராமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இதனை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. உண்டென விளம்பரம் செய்வோரிடம் பொருளை இழக்காதீர்கள். பேச்சுப் பயிற்சியும் பழக்கப் பயிற்சியும் விரைவில் தொடங்குவது நன்று. வீட்டில் சிறு சிறு சொற்களாகப் பேசுங்கள். அடுத்து நடக்கவிருப்பதைப் படம் காட்டி முன்னரே சொல்லுங்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஏற்றுள்ளது. நிராமயா என்னும் திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. விவரங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

2014 நவம்பரில் வத்திக்கானில் இத்தகைய குடும்பங்களைச் சந்தித்த மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், அவர்களின் தனிமையை உடைக்க வேண்டுமென வலியுறுத்தினார். அதனை நம் பங்குகளில் தொடங்குவது அரிதன்று. வெடிகளைக் கோயிலுக்கு அப்பால் வைக்கலாம். வெடிக்கும் நேரத்தை முன்கூட்டியே அறிவிக்கலாம். பக்கவாசலருகே ஓர் அமைதியான இடம் ஒதுக்கலாம். பூசை நேரத்தில் ஒரு குழந்தை அலறினால் திரும்பிப் பாராதிருக்கலாம்.

இப்போது அத்தாய் வாரநாள் மாலைப் பூசைக்கு, ஒலிபெருக்கி இல்லாத வேளையில் வருகிறார். சிறுவன் சிப்பிப் பையோடு தூணருகே அமர்கிறான். கடந்த வாரம் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவரும் அவர்களுடன் வந்து அமர்ந்தார்.